திருப்பிப் போட்ட படம்

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஆதாரம் இல்லாமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால், "போட்டோ இருக்கா, கேசட் இருக்கா, டிக்கெட் இருக்கா" என்று மற்றவர்கள் பாய்ந்துவிடுவார்கள். ஞாபகத்தை நாங்கள் நம்புவதில்லை. எங்கள் வயதும் அப்படி. காலையில் மாத்திரை போட்டோமா என்பதே எங்களில் பலருக்கு மத்தியானம் சந்தேகமாகிவிடும்.

நாங்கள் ஆராய்வது ஒரு ராக் இசைக்குழுவின் ஆரம்ப நாட்களை. மயிலாப்பூர்ப் பையன்கள் சிலர் கல்லூரி முடித்த கையோடு தமிழில் ராக் பாடுகிறோம் என்று கிளம்பினார்கள். இரண்டு கேசட் போட்டார்கள். பிறகு வேலை, கல்யாணம், வெளிநாடு என்று கலைந்துபோனார்கள். ஊர் அவர்களை மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை. அந்தப் பாட்டுகளைக் கேட்டபோது எனக்கு வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்காத வயது. எனக்காக யாரோ ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். அந்த நன்றி இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். என் கணவர் எங்கள் குழுவைத் தொல்லியல் துறை என்பார். "இன்னிக்கு எங்க தோண்டப் போறீங்க" என்று கேட்டுவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இசைக்குழுவைச் சேர்ந்தவர்களுக்கே அவர்கள் கதை சரியாகத் தெரியாது. பாடியவர் இறந்துவிட்டார். கேசட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பவர்களில் ஒருவர்தான் வெளிநாட்டிலிருந்து எப்போதாவது பதில் போடுவார். எதைக் கேட்டாலும் "நீங்க சொல்றதுதான் கரெக்டா இருக்கும்" என்பார். அதனால் நாங்கள் சொல்வதே வரலாறாகிப் போனது.

அவர்களுடைய முதல் கச்சேரி மயிலாப்பூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதற்கு ஒலிப்பதிவு கிடையாது. ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம்தான் உண்டு. கச்சேரிக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போது எடுத்தது. மேடையில் டிரம்ஸ் மட்டும் தயாராக இருக்கிறது. கிட்டார்கள் உறையை விட்டு வெளியே வரவில்லை. பையன்கள் டிரம்ஸைச் சுற்றி நிற்கிறார்கள். பிற்பாடு கேசட்டில் வாசித்தவர் நடுவில் உட்கார்ந்து குச்சிகளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

இந்தப் படம் எங்கள் குழுத் தலைவரிடம் இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், காற்புள்ளி விட்டுப்போனால்கூடத் திருத்துகிறவர். படம் கிடைத்த அன்றே அதில் ஒரு பிழை கண்டுபிடித்தார். டிரம்ஸில் காலால் மிதித்து மூடுகிற இரட்டைத் தட்டு ஒன்று உண்டு. அது வாசிப்பவரின் இடது பக்கத்தில் இருக்க வேண்டும். படத்தில் அது வலது பக்கம் இருந்தது. ஸ்டுடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்று தலைவர் முடிவு கட்டினார். கணினியில் படத்தை இடம் வலமாகத் திருப்பி, "திருத்திய பிரதி" என்று எழுதிக் குழுவில் போட்டார். எல்லோரும் கை தட்டினோம். அதிலிருந்து அந்தத் திருத்திய படம்தான் புழக்கத்தில் இருக்கிறது. தி. நகரில் ஒரு கடையில் கொடுத்து அதையே டி-சர்ட்டிலும் அச்சடித்துக்கொண்டோம்.

போன வருஷம் பெங்களூரில் மகளின் பிரசவத்துக்காக நான் போயிருந்தபோது ஒருவர் தலைவரைத் தேடி வந்திருக்கிறார். நொச்சிக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவர், அறுபதை நெருங்குகிற வயது. முதல் கச்சேரியில் டிரம்ஸ் வாசித்தது தான்தான் என்றாராம். மாதா கோயில் திருவிழாவில் பேண்டு அடித்துக்கொண்டிருந்த தன்னை அந்தப் பையன்கள்தான் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள் என்றாராம். ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை. படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அதிலும் அவர் இல்லை. வாசித்துக் காட்டட்டும் என்று வடபழனியில் ஒரு ரிக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்.

குழுவில் போட்ட அந்த வீடியோவை நான் பெங்களூரில் போனில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்தார். காலால் எதையோ துழாவினார். குச்சியை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினார், தாளம் சேரவில்லை. "எல்லாம் மாறிக் கீது சார்" என்றார். யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் குச்சிகளை டிரம்ஸின் மேல் மெதுவாக வைத்துவிட்டு எழுந்துபோனார். வீடியோவுக்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். வயதில் பெரிய மனிதர் ஒருவரை வைத்துக்கொண்டு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. குழந்தை அழுதது, போனை வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் முடிந்து, அந்த டி-சர்ட்டோடு வீடு திரும்புகிற வழியில், நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் வாங்க நின்றேன். வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் என் மார்பையே உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இந்தப் படம் ஒனக்கு எங்க கெட்ச்சுது?"

"பழைய பாட்டுக் கோஷ்டிம்மா. எங்க குரூப்ல அச்சடிச்சது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இதுல எங்காளு இல்ல."

"உங்காளு யாரும்மா?"

"இவுங்களோட மோளம் அடிச்சாராம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிக்கினு கீறாரு. போன வருசம் உங்காளுங்கதான் இதே சட்டய போட்டுக்கினு வந்து அவர வடபழனிக்கு இட்டுக்கினு போய், அடிக்கத் தெரிலன்னு அனுப்சிட்டாங்கோ. வூட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசல. இப்போ ஸ்ட்ரோக்கு வந்து ஒரு பக்கம் வுழுந்துட்சு. பட்த்த பட்க்கையா கீறாரு."

அவள் மீனைப் பையில் போட்டுக் கட்டினாள், ஆனால் கொடுக்கவில்லை.

"நீயே சொல்லும்மா. நெஜமா அடிச்சாரா, இல்ல இத்தினி வருசமா எங்கிட்ட டூப்பு வுட்டாரா? எனக்கு அது மட்டும் தெரியணும். எத்தினி வாட்டி நாலு பேரு முன்னாடி 'வந்துட்டாருடா மோளக்காரரு'ன்னு அவர கலாய்ச்சிக்கீறேன் தெரியுமா. அவரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு, சிரிச்சுக்குவாரு. பொய்யின்னா வுட்டுடலாம். நெஜம்னா இன்னா பண்றது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. யாரிடம் போய் விசாரிப்பது? இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர், நாங்கள் சொல்வதுதான் சரி என்பார்.

அடையாறில் வீட்டுக்கு வந்ததும் மீன் வாடை அடிக்கிறதே என்று டி-சர்ட்டை அலசி, சாயம் வெளுக்காமல் இருக்க உள்பக்கத்தை வெளியே திருப்பி, பால்கனிக் கொடியில் போட்டேன். பக்கத்தில் என் கணவரின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. டி-சர்ட் மெல்லிய துணி. படம் உள்பக்கமும் ஊடுருவித் தெரிந்தது. காப்பியை வைத்துக்கொண்டு சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைப் பை, என் கணவர் சட்டையின் பை இருக்கும் அதே பக்கத்தில் இருந்தது. சரிதானே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. நான் பார்ப்பது உள்பக்கத்தை. வெளிப்பக்கம் பார்த்தால் பை வலது மார்பில் அல்லவா இருக்கும்?

டி-சர்ட்டை ஈரத்தோடு எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வலது மார்பில்தான் இருந்தது. ஆண்களின் சட்டையில் யார் வலது பக்கம் பை வைத்துத் தைக்கிறார்கள்? ஸ்டுடியோக்காரன் எதையும் திருப்பிப் போடவில்லை. சரியாக இருந்த படத்தைத் திருப்பியது நாங்கள். அப்படியென்றால் மேடையில் டிரம்ஸ் உண்மையிலேயே மாற்றித்தான் வைக்கப்பட்டிருந்தது. இடது கைக்காரர் ஒருவருக்காக வைத்தது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் வலது கைக்காரர், அது அவருடைய பிந்தைய படங்களைப் பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். "எல்லாம் மாறிக் கீது சார்" என்று வடபழனியில் அந்த மீனவர் சொன்னது காதில் கேட்டது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

தலைவருக்கு உடனே போன் போட்டேன். வழக்கம்போல ஆதாரம் கேட்டார். சட்டைப் பையைச் சொன்னேன். மறுமுனையில் பீரோ திறக்கும் சத்தம், கவர் பிரிக்கும் சத்தம்.

"ஒரிஜினலைத்தான் பார்த்துண்டிருக்கேன்," என்றார் கடைசியில். "பை சரியாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா ஆத்துலயே வெச்சுண்டு, இதைக் கவனிக்கலையே நான்."

"சார், அவர் படுத்த படுக்கையா இருக்கார்."

"நானும் வரேன். நான்தானே திருப்பினேன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் நொச்சிக்குப்பம் போனோம். குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. ஜன்னலோரம் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வீடியோவில் பார்த்த மனிதரில் பாதிதான் இருந்தார். தலைவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தலைவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

நான்தான் அந்த அம்மாளிடம் கேட்டேன். "இவருக்கு எந்தக் கை பழக்கம்மா?"

"எல்லாத்துக்கும் பீச்சாங்கைதான். வலை பிரிக்கறது, கத்தி பிடிக்கறது எல்லாம். சோறு மட்டும் சோத்தாங்கைல துன்னுவாரு, அதுவும் அவங்கம்மா அடிச்சுப் பழக்குனது. இப்போ அந்தப் பீச்சாங்கைதான் வுழுந்துட்சு." போர்வைமேல் கிடந்த அந்தக் கையை அவள் ஒருமுறை தடவிவிட்டாள்.

தலைவர் உள்ளே வந்து மூலப்படத்தை அவர் கண்ணெதிரே பிடித்தார். அவர் முதலில் பார்க்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பினார். முகங்களை விட்டுவிட்டு நேரே டிரம்ஸைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு குழறியது. நின்று நின்று பேசினார்.

"நான் வெச்ச மாதிரியே கீது," என்றார். "காலைல கடலுக்குப் போய்ட்டு வந்து, நேரா மண்டபத்துக்குப் போய் எல்லாத்தையும் என் கைக்கு வெச்சுட்டு வந்தேன். வூட்ல வந்து பட்த்து தூங்கிட்டேன். சாய்ங்காலம்தானே கச்சேரி." உட்கார்ந்திருப்பவரைக் கண்ணால் காட்டினார். "இவன் சாமான் தூக்க வந்தவன். ஆசைக்கு குந்திக்கினு கீறான். நல்ல பையன். அப்புறம் எங்க நைனா கடல்லயே போய்ட்டாரு, படகப் பாக்க ஆளில்ல, நான் நின்னுட்டேன். இவன் கத்துக்கினான்."

கடலுக்குப் போய் வந்த உடம்பு மத்தியானம் தூங்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படத்தில் இல்லாதவர் மேடையிலும் இல்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

"நீங்கதான் வாசிச்சிருக்கேள்," என்றார் தலைவர். "நாங்க படத்தைத் திருப்பிட்டோம். தப்பு எங்க மேல."

அந்த அம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நெஜந்தானாய்யா? நான் இன்னா பேச்சு பேசிக்கீறேன் ஒன்ன. ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்ல. யார்கிட்ட போய் இன்னான்னு சொல்லுவேன்?"

"வுடு," என்றார் அவர். "நீ நம்பாதது பெரிசில்ல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு தலைவரைப் பார்த்து, ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்பதுபோலக் கவனமாகச் சொன்னார்.

"வடபழனிலேர்ந்து வந்தப்புறம் எனக்கே டவுட்டாய்ட்சு சார். படத்துல நான் இல்ல. குந்தினா கை ஓடல. யார்னா அடிச்சதப் பாத்துட்டு, நான் அடிச்சேன்னு நெனச்சுக்கினனோ, அதத்தான் இத்தினி வருசமா இவகிட்ட சொல்லிக்கினு கீறனோன்னு. பட்த்துக்கினு அதயே யோசிப்பேன். நல்லாப் பாத்துச் சொல்லு சார். நான்தானே?"

மனைவிக்குப் பதில் சொல்லத்தான் நான் போயிருந்தேன். கேள்வி அவருக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சட்டம் ஒரு மனிதரிடமிருந்து அவர் ஞாபகத்தையே பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

தலைவர் படத்தை இன்னொரு முறை பார்க்காமல் அவர் மடியில் வைத்தார். "நீங்கதான்," என்றார்.

கட்டிலில் இருந்தவர் தலையை ஆட்டினார். வலது கையால் இடது கையைத் தூக்கி எடுத்து, மடியில் இருந்த படத்தின் மேல் வைத்துக்கொண்டார்.