எங்களோடு சேர்ந்து பயந்த டாக்டர் ஜெயமலர்

என் மகன் பகல் வேளையில் என்னைக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு சொல்லில் மெசேஜ் அனுப்புவான். அதனால் சென்ற வாரம் டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகரில் வேலை முடிந்து காரில் வந்துகொண்டிருந்தபோது, திரையில் அரவிந்தின் பெயர் ஒளிர்ந்ததும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

“அம்மா, ஆர் யூ டிரைவிங்?”

“ஆமாடா. என்ன ஆச்சு? தலை வலிக்குதா?”

“புல் ஓவர், அம்மா. ப்ளீஸ்.”

ஒரு மளிகைக்கடையின் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்க மறந்துவிட்டேன். அவன் பேசுவதற்குள் ஒரு தாய் எதையெல்லாம் நினைக்கக் கூடாதோ அதையெல்லாம் நினைத்து முடித்திருந்தேன்.

“இட்ஸ் டாக். டாக் மலர். ஷீ பாஸ்ட் திஸ் மார்னிங்.”

அவன் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு மருத்துவராக இருந்த, பையன்கள் ‘டாக்’ என்று கூப்பிடும் டாக்டர் ஜெயமலர், காலையில் தம் வீட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்திருக்கிறார். இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. இனி அந்தப் பையன்களை யார் பார்ப்பார்கள்?

அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த ஊரில் ஃபுட்பால் என்றால் நாம் அறிந்த உதைபந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் பூட்டிக்கொண்டு, ஓடி வருகிறவனை ஓடிப்போய் மோதிச் சாய்க்கும் ஆட்டம். டெக்சாஸில் அது ஒரு மதம் மாதிரி. அரவிந்த் உயர்நிலைப் பள்ளியிலேயே அதில் விழுந்துவிட்டான். என் கணவர் சரவணனும் நானும் அவனை டென்னிஸுக்கும் நீச்சலுக்கும் இழுத்துப் பார்த்தோம். நடக்கவில்லை. அவன் ஆடும் இடத்துக்கு ‘சேஃப்டி’ என்று பெயர். எல்லோரையும் தாண்டிப் பந்தோடு பாய்ந்து வருகிறவனைக் கடைசி ஆளாக நின்று வீழ்த்த வேண்டியவன். பாதுகாப்பு என்று பெயர் வைத்தவர் யாரோ, அந்த இடத்தில் தம் பிள்ளையை நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்.

கல்லூரியில் அவன் சேர்ந்த கோடையில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. பயிற்சியாளர் பேசினார். உடற்பயிற்சி நிபுணர் பேசினார். எல்லோரும் வெற்றியைப் பற்றிப் பேசினார்கள். எல்லோரும் கை தட்டினோம். கடைசியாக ஒரு சிறு உருவம் எழுந்து வந்தது. அணியின் தொப்பி, ஓடும் காலணி, அறுபதைத் தொட்ட வயது. மைக்கைத் தம் உயரத்துக்கு இறக்கவே சிறிது நேரம் பிடித்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் டாக்டர் ஜெயமலர். உங்கள் மகன்களுக்குப் பயம் கிடையாது. பயிற்சியாளர்களுக்குப் பயப்பட நேரம் கிடையாது. ஆகவே பயப்படும் வேலையை இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்திருக்கிறது. அதை நான் நன்றாகச் செய்வேன்.”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் என்னைப் போல இன்னொருவரும் பயந்துகொண்டிருக்கிறார் என்பதில் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவரே எங்களிடம் வந்தார். “நீங்கள் தமிழோ?” என்றார். “ஆமாங்க, திருச்சி” என்றேன். “நான் யாழ்ப்பாணம். உங்கட மகனோட நான் தமிழிலதான் கதைப்பன், சரியோ? அவர் இங்கிலீஷில பதில் சொல்லட்டும், பரவாயில்லை.” அன்று முதல் எனக்கு அவர் மலர் அக்கா.

தமிழ்க் கடைச் சாமான் வாங்க ஃபிரிஸ்கோ பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டே காப்பி குடிக்கும்போது நான் கேட்டேன்: “இவ்வளவு பயத்தோட இந்த வேலையில ஏன் அக்கா இருக்கீங்க?”

காப்பியை முழுவதும் குடித்துவிட்டுச் சொன்னார்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தவன். பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட்டில பந்து தலையில பட்டது. வீட்டுக்கு நடந்துதான் வந்தவன். ‘என்னடா, நோகுதோ?’ எண்டு கேட்டன். ‘ஒண்டுமில்லை அக்கா’ எண்டான். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டான். போய்ப் படுத்தான். பிறகு எழும்பேல்லை.”

குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவினார். “அதுக்குப் பிறகுதான் நான் மெடிசின் படிச்சது. ‘ஒண்டுமில்லை’ எண்டு ஆர் சொன்னாலும் எனக்கு நெஞ்சு பதறும்.”

அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

இந்த வருஷம் அணியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஆட்டங்கள் நடப்பது இலையுதிர் காலத்தில்தான். ஆனால் வசந்தத்தில் சில வாரம் பயிற்சி வைத்து, கடைசியில் அணியையே இரண்டாகப் பிரித்து, மைதானத்தைத் திறந்துவிட்டு ஆட விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் கோப்பை வருமா வராதா என்று வியாபாரிகள் முதல் பாதிரியார் வரை கணிப்பார்கள். சென்ற வருஷம் மயிரிழையில் கோப்பை நழுவியது. இந்த முறை தடுப்பு வரிசையைப் போல ஒன்று பல வருஷமாக அமைந்ததில்லை என்றார்கள். அந்த வரிசையின் கடைசியில் அரவிந்த். முதல் தடவையாக அவன் ஆட்டத்தைத் தொடங்கும் பதினொருவரில் ஒருவன். பெற்றோர் வாட்ஸப் குழுவில் எங்களுக்கு ஒரே வாழ்த்து. சரவணன் புதுத் தொப்பி வாங்கினார். நான் அனுமார் கோயிலில் அர்ச்சனை செய்தேன், அவன் ஜெயிக்க வேண்டும் என்று அல்ல.

அந்த வசந்த ஆட்டத்துக்குப் போயிருந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டாம் பாதியில் ஒருவன் பந்தைத் தாவிப் பிடித்துத் திரும்பினான். அரவிந்த் எதிரிலிருந்து வந்தான். இரண்டு கவசங்களும் மோதிய சத்தம் மேலே எங்கள் வரிசை வரை கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அரவிந்த் எழுந்தான். கையை உயர்த்திக் காட்டினான். கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. பக்கத்தில் இருந்தவர் சரவணனின் முதுகில் தட்டினார்.

அதே நேரம் கோட்டுக்கு வெளியிலிருந்து அந்தச் சிறு உருவம் மைதானத்துக்குள் ஓடுவதைப் பார்த்தேன்.

பிறகு நடந்ததை அருகில் நின்ற அணி உதவியாளர் எங்களுக்குச் சொன்னார். வழக்கமான கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். பயிற்சியில் ஆயிரம் தடவை கேட்ட கேள்விகள்; அரவிந்த் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். “ஐம் ஃபைன்” என்றான். பயிற்சியாளர், “நல்லது, அவனை விடுங்கள்” என்றார். மலர் அக்கா நகரவில்லை. அவன் முகத்தைத் தம் பக்கம் திருப்பித் தமிழில் கேட்டிருக்கிறார்; அதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

“தம்பி, அம்மா எங்க?”

இங்கே பிறந்து வளர்ந்த என் மகன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். அன்று அவன், சின்ன வயதில் பேசிய தமிழில், அமைதியாகச் சொன்னானாம்: “அம்மா கிச்சன்ல இருக்காங்க.”

நான் அவன் கண்ணுக்கு நேரே, மேலே எங்கள் வரிசையின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சுற்றி நின்ற யாருக்கும் அது புரியவில்லை. மலர் அக்கா அவன் தலைக்கவசத்தைக் கழற்றித் தம் இடுப்பில் இடுக்கிக்கொண்டார். கவசம் இல்லாமல் யாரும் ஆட முடியாது. பயிற்சியாளர் அவரைவிட இரு மடங்கு உயரம், குனிந்து கத்தினார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டானே என்றார். மலர் அக்கா கத்தவில்லை. “தான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்” என்றார். கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். அவர் அப்போதும் கவசத்தைக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் கசிந்திருந்தது. கசிவு நின்றால் சரி. பெருகினால் தலையைத் திறக்க வேண்டும் என்றார்கள். ‘இன்னோர் அடி பட்டிருந்தால்’ என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சாயங்காலம் காத்திருக்கும் அறையில் சரவணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கந்த சஷ்டி கவசத்தின் அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை. முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மலர் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா நம்புவேன்.”

“சொல்ல மாட்டன் பிள்ளை. எனக்குத் தெரியாது. எனக்கும் பயமாத்தான் கிடக்கு.” என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். “நான் உங்களோட சேர்ந்து பயப்பிடுறன். தனியப் பயப்பிட வேண்டாம்.”

ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. இது மட்டும் இருக்கிறது.

அடுத்த ஸ்கேனில் கசிவு நின்றிருந்தது. தலையைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்த வருஷம் ஆட்டம் கிடையாது. இனி எப்போதும் கிடையாது என்பதே தம் கருத்து என்று மலர் அக்கா எழுதிக் கொடுத்தார். அந்த வசந்தப் பயிற்சியில் அடிபட்ட இன்னும் இருவரையும் அவர் ஆட அனுமதிக்கவில்லை. ஊர் கொதித்தது. தடுப்பு வரிசையே போய்விட்டது, கோப்பைக் கனவு வசந்தத்திலேயே முடிந்தது என்று பேசினார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு தந்தை, “ஒரு பயந்தாங்கொள்ளிக் கிழவி எங்கள் பையன்களின் எதிர்காலத்தை முடிக்கிறாள்” என்று எழுதினார். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் அவரிடமே கேட்டார்: “இலையுதிர் காலத்தில் அணிக்கு வாய்ப்பு எப்படி, டாக்டர்?”

“இவர்களுக்கு நாற்பது வயது ஆகும்போது தங்கள் பிள்ளைகளின் பெயர் நினைவிருக்க வாய்ப்பு எப்படி என்று கேளுங்கள்,” என்றார் அவர். “நான் கணக்குப் போடுவது அதற்குத்தான்.”

என் மகனும் அவரை மன்னிக்கவில்லை. கண் கூசாமல் உட்கார முடிந்த முதல் நாளே, பார்க்க வந்த அவரிடம் சீறினான். “யூ டுக் எவ்ரிதிங் ஃப்ரம் மீ.” நான் பதறிப்போனேன். அவர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“கோபப்படும், தம்பி. கோபப்பட நீர் இருக்கிறீர். எனக்கு அது காணும், அதுவே போதும்.”

அதன்பின்னும் அவன் விடுதி அறைக்கு அடிக்கடி போய், வெளிச்சம் கூசுகிறதா, எழுத்து அசைகிறதா என்று விசாரித்து வந்திருக்கிறார். பல நாள் அவன் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வானாம். சென்ற மாதம் ஒருநாள், அவர் கேட்காமலே, இரவில் தனக்கு என்ன பயம் வருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். அது என்ன என்று எங்களிடம் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

கல்லூரி ஊரின் சிறிய தேவாலயத்தில் அடக்க ஆராதனை நடந்தது. தமிழில் ஒரு பாட்டு, ஆங்கிலத்தில் ஒரு பாட்டு. சவப்பெட்டியின் மேல் வெள்ளைப் பூக்கள். கிழவி என்று எழுதிய தந்தை கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றார். பயிற்சியாளர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். வெளியே எங்களிடம் வந்தார். “ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டை போடுவோம்,” என்றார். “பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். புதிதாக ஒரு டாக்டரை நியமிப்பார்கள். நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் நான் கத்தும்போது அவர் விட்டுக்கொடுத்துவிட்டால்?”

அவர் முகத்தில் நான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

பெட்டியைச் சுமந்தவர்கள் அணியின் பையன்கள். அரவிந்த் முன்னால் வலப்பக்கம் நின்றான். பாரம் தூக்கலாமா என்று நான் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். காலையில் மழை பெய்து கல்லறைப் புல் வழுக்கியது. ஒருவனை ஒருவன் இடித்துச் சாய்ப்பதையே தொழிலாகக் கொண்ட அந்தப் பெரிய உடம்புகள், ஒவ்வொரு அடியையும் புல்லில் வைத்துப் பார்த்து, ஊன்றி, பிறகே அடுத்ததை எடுத்தன. ஒருவன் கால் லேசாகச் சறுக்கியதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெட்டி குலுங்கவில்லை. “ஈஸி,” என்று என் மகன் மெல்லச் சொன்னது கேட்டது. “ஈஸி. கோ ஸ்லோ.”

மலர் அக்கா, ஆகஸ்டில் பயிற்சி மறுபடி தொடங்குகிறது. என் பிள்ளை ஆடப்போவதில்லை. ஆனாலும் அந்த மைதானத்தில் கவசங்கள் மோதும். எழுந்து நின்று ஒன்றுமில்லை என்று கையை உயர்த்த ஒருவன் இருப்பான். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் நிற்பாள். அவளை எனக்குத் தெரியாது. நான் போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன்.

நீங்கள் இனிப் பயப்பட வேண்டாம். தூங்குங்கள் அக்கா.