வெல்லாவெளியில திறந்த போர்ட்

வெல்லாவெளிக் கிளையில இன்டர்நெட் இழுக்குதாம். கல்லடியில இருக்கிற எங்கட சேர்வருக்கும் அங்கயும் இடையில வேகத்தைச் சோதிச்சு, இண்டைக்கு நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் குடுக்காட்டி அவங்களுக்குப் புது லைன் இல்லையாம்.

சோதிக்கிற புரோகிராம் சேர்வரில ஒரு கண்டெய்னருக்குள்ள, அதான் தனியாப் பூட்டி வைச்ச அறை மாதிரி ஒண்டுக்குள்ள, ஓடுது. வெல்லாவெளி ஃபயர்வோல்ல 5201 எண்ட போர்ட்டை, அதான் டேட்டா போய்வாற வாசலை, திறந்தாச் சரி.

கிளைப் பொறுப்பாளர் தயாபரன் அண்ணனுக்குக் கோல் எடுத்தன். வயலும் செய்யிற மனுசன்.

“திறந்திட்டன் தம்பி.”

சோதிச்சா, இணைப்பே வரல்ல.

“அண்ணே, வடிவாப் பாருங்க.”

“திறந்துதான் கிடக்கு.”

நாலு தரம் கேட்டன். நாலாந்தரம் கொஞ்சம் சத்தமாவே.

மறுகா பொறுக்க ஏலாம, கொளுத்துற வெயில்ல பைக்கை எடுத்துக்கொண்டு வெல்லாவெளிக்கே போனன். போய்ப் பார்த்தா, அவர் சொன்னது உண்மை. பிழை என்ட பக்கம்.

கண்டெய்னரை ஓட விடக்குள்ள அந்தப் போர்ட்டை வெளியில விடச் சொல்லி ஒரு வரி எழுத வேணும். அதை எழுதாம விட்டது நான். அங்க இருந்தே திருத்துவமெண்டா, பாதுகாப்புக்கெண்டு வெளியில இருந்து சேர்வருக்குள்ள போற வழியைக் காலையில பூட்டினதும் நான்தான்.

திரும்பக் கல்லடிக்கு வந்தன். அந்த ஒரு வரியை எழுதினன். மணி மூண்டே முக்கால்.

“அண்ணே, இப்ப ஓட விடுங்க.”

“இணைப்பு வராதே தம்பி. நீங்க பார்த்திட்டுப் போன கையோட போர்ட்டை மூடிட்டன். வயலுக்குத் தண்ணி பாய்ஞ்சு முடிஞ்சா வரம்பில வெட்டின வக்கடையைக் கட்டத்தானே வேணும்?”

மூடாம வைக்கச் சொல்லாம வந்ததும் நான்தான். இதில ஆருக்கு ஏசுறது? என்ட பேரைத் தவிர வேற பேர் இருந்தாச் சொல்லுங்க.