கொத்துச் சத்தத்துக்குச் சாட்சி

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் வசந்தாமணிக்குத் தெரியாமல் எந்தத் தமிழ் வீட்டிலும் குழம்பு கொதித்ததில்லை. யாருக்கு கிரீன் கார்டு வந்தது, எந்த மாமியார் கோபித்துக்கொண்டு பெட்டி கட்டினாள், எல்லாம் அந்தக் கோபிச்செட்டிபாளையத்துக்காரி காதுக்குத்தான் முதலில் வரும். "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு?" என்று சொல்லிவிட்டுத்தான் வம்பையே ஆரம்பிப்பாள். கணவர் சேனாபதி காலையில் மன்ஹாட்டன் ரயிலில் ஏறிவிடுவார். நெரிசலில் நசுங்கினாலும் மனிதருக்கு அமைதி கிடைத்த ஒரே இடம் அந்த ரயில்தான்.

பக்கத்து அபார்ட்மென்டில் நிரோஜன் குடியிருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், பெட்ரோல் பங்கில் வேலை. அகதி மனு போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். குடி இல்லை, கூத்து இல்லை, பார்த்தால் "வணக்கம் அன்ரி" என்பான். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருக்க முடியுமா என்ற சந்தேகம் வசந்தாமணிக்கு. அமெரிக்காக்காரன் கட்டிய சுவரோ அப்பளம் மாதிரி. எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து, அடியில் காதை வைத்துவிட்டால் போதும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு சனிக்கிழமை மதியம், அபார்ட்மென்ட் ஆபீஸில் இருந்த இரும்புப் பெட்டியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். உடைந்த பெட்டி குப்பைத் தொட்டியோரம் கிடைத்தது. கீழ்வீட்டு டோரிஸ் கிழவி போலீஸிடம் அடித்துச் சொன்னாள், மதியம் தன் தலைக்கு மேலே இரண்டு சுத்தியலால் இரும்பை உடைத்தார்கள் என்று. அவள் தலைக்கு மேலே இருந்தது நிரோஜன் வீடு. போலீஸ் ஏறிப் பார்த்தால் சமையல் மேடையில் இரண்டு கனத்த இரும்புத் தகடுகள். ஆயுதம் கிடைத்துவிட்டது என்று அள்ளிக்கொண்டார்கள்.

"கொத்து ரொட்டி போட்டனான் சேர்" என்றான் நிரோஜன். ரொட்டியைப் பிய்த்து, முட்டையும் வெங்காயமும் சேர்த்து, சுடுகல்லில் போட்டு இரண்டு தகட்டால் டக்கடக்கென்று கொத்துவது. சாப்பாட்டுக்கு எவனாவது இத்தனை சத்தம் போடுவானா என்று போலீஸ்காரன் சிரித்தான். கூட இருந்தது யார் என்றால், ஒருத்தரும் இல்லை என்றான். குற்றம் உறுதியானால் அகதி மனு அம்பேல். பிளேன் ஏற்றி, குண்டு விழும் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்த மதியம் டம்ளர் சுவரில்தான் இருந்தது. கொத்தும் சத்தம் வசந்தாமணிக்கு நன்றாகக் கேட்டது. அதோடு ஒரு பெண்ணின் சிரிப்பும். "காணும், நிப்பாட்டு நிரோ, முட்டை கருகுது!" சந்தேகமேயில்லை, அது விதுஷா. அக்கவுண்டன்ட் தர்மராசாவின் ஒரே மகள். அவளுக்கு லண்டன் டாக்டரைப் பேசி முடிக்கிறார்கள் என்று எடிசனே அறியும். வசந்தாமணி இந்தக் கரும்பை வெள்ளிக்கிழமை பஜனையில் கடிக்கலாம் என்று வைத்திருந்தாள். அதற்குள் பையன் கைதாகிவிட்டான்.

"நான் சாட்சி சொல்லப் போறனுங்க" என்றாள் கணவரிடம்.

சேனாபதி பேப்பரைக் கீழே வைத்தார். "டம்ளர் கதையெல்லாம் சொல்லோணுமே. மானம் போயிரும் வசந்தா."

"போனாப் போகுது. அந்தப் பையன் பிளேன் ஏறறதுக்குப் பதிலா, என்ற மானம் ஏறிட்டுப் போகட்டும்."

கோர்ட்டில் பாதி எடிசன் உட்கார்ந்திருந்தது, சும்மா வேடிக்கைக்கு. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கோர்ட் யாரைக் கூப்பிட்டிருந்தது தெரியுமா? சாட்சாத் தர்மராசாவை. டை கட்டிக்கொண்டு அவர் வந்து பக்கத்தில் நின்றதும் வசந்தாமணி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எப்படிக் கேட்டது என்றார் அரசு வக்கீல். அவள் டம்ளரைப் பற்றிச் சொன்னாள். தர்மராசா அதை இங்கிலீஷில் சொன்னதும் பின்வரிசை கொல்லென்று சிரித்தது. சேனாபதி கூரையில் எதையோ தேடினார்.

"சிரிங்க, சிரிங்க" என்றாள் வசந்தாமணி. "ஆனா கேட்டுக்கங்க. பொட்டி உடைக்கிறவன் தாளம் போட்டு உடைப்பானா? இது மெதுவா ஆரம்பிச்சுது, முட்டை சொய்ங்குனு விழுந்துச்சு, அப்பறம் வேகமாப் போச்சு."

நிரோஜனின் வக்கீல் அனுமதி வாங்கி, தகடுகளையும் ஒரு இரும்புப் பலகையையும் அவனிடம் கொடுத்தார். பயல் முதலில் மெதுவாகத் தட்டினான். பிறகு பிடித்தான் பாருங்கள், கோர்ட்டே அதிர்ந்தது. டோரிஸ் கிழவி எழுந்தே விட்டாள். "இதுதான்! இதே சத்தம்தான்!"

அரசு வக்கீல் விடவில்லை. ஒற்றை ஆளுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கூட்டாளி எவனோ இருந்திருக்கிறான். கேள்வி தர்மராசா வாய் வழியாகத் தமிழில் வந்தது.

"அக்கா, அங்க வேற ஆக்களின்ரை குரலும் கேட்டதோ எண்டு கேக்கினம்."

நிரோஜன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அடடா, எப்பேர்ப்பட்ட மேடை! வாழ்நாளிலேயே பெரிய வம்பு நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்பவரோ பெண்ணைப் பெற்ற அப்பன். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண் சிரித்த சிரிப்பை வசந்தாமணியால் மறக்க முடியவில்லை. அப்படி மனசு விட்டு யாரும் சிரித்து அவள் அந்தச் சுவர் வழியாகக் கேட்டதேயில்லை. அதை இவர் கையில் கொடுத்து நசுக்கச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லீங்க" என்றாள். "அவன் ஒருத்தன்தான். தனியாப் பாடிட்டிருந்தான். கேக்கச் சகிக்கலை."

நிரோஜன் விடுதலையாகி வெளியே வந்தான். வசந்தாமணி மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் டம்ளர் ஆன்ட்டி. பஜனையில் அவள் உட்கார்ந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பஜனைக்கு வரும் ஷ்யாமளா போனில் தூண்டில் போட்டாள்: "அந்தப் பையனுக்கு யாரோ பொண்ணு சிநேகமாமே, உங்களுக்குத் தெரியாததா?" ஒரு வார்த்தை போதும், போன மரியாதை முழுசும் திரும்பியிருக்கும். "எனக்கொண்ணும் தெரியாதுங்க" என்று போனை வைத்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் தர்மராசா தாம்பாளத்தோடு வந்தார். கல்யாணப் பத்திரிகை. மணமகன் நிரோஜன்.

"லண்டன் டொக்டர் வேற இடம் பாத்திட்டார் அக்கா. மகள் இவனைத்தான் கட்டுவன் எண்டு நிண்டவள். எனக்கு முதல்ல விருப்பமில்லை. பிறகு யோசிச்சனான். தனிய இருக்கேக்கையும் ஒரு பொம்பிளையை வீட்டுக்குள்ள அண்டவிடாத பொடியன். நீங்கள்தானே சத்தியம் பண்ணிச் சொன்னனீங்கள்?"

"தங்கமான பையனுங்க" என்றாள் வசந்தாமணி, முகம் மாறாமல்.

அவர் போனதும் கதவைச் சாத்தி, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வர, இடுப்பு வலிக்கச் சிரித்தாள். சேனாபதி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என்னாச்சு வசந்தா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அது.