படலைச் சாத்தாத பேரரசு

சென்ற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பக்கம் போய் வந்தேன். காரணம் என் சகலை சிவகுமார். அவருடைய தாத்தா நாற்பத்திரண்டில் தந்திக்கம்பியை அறுத்துச் சிறைக்குப் போனவர். அதனால் எங்கள் மாமியார் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் இலை சிவகுமாருக்கு. மூத்த மருமகன் நான். என் தாத்தா அதே ஆண்டில் யாரோடும் வம்புக்குப் போகாமல் காரமடையில் நிலக்கடலை போட்டிருந்தார். பேரரசு அவர் உடம்பில் விட்டுப்போன ஒரே தழும்பு அம்மை குத்தியது.

இப்போது அந்தத் தியாகித் தாத்தாவுக்கு ஊரில் நினைவுக்கல் வைக்கிறார்கள். "எதுக்குக் கிளர்ச்சி பண்ணுனாருன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நீங்கதான புஸ்தகம் படிக்கிற ஆளு" என்றார் சிவகுமார். புத்தகங்களில் காரணங்கள் ஏராளம்: நிலவரி, யாரையும் கேட்காமல் இழுத்துவிட்ட போர், தானியத் தட்டுப்பாடு, தலைவர்களின் கைது. எல்லாமே பெரியவை. எனக்குச் சின்னதாக ஒன்று தேவைப்பட்டது. நேரில் விசாரித்தால் கிடைக்கும் என்று நம்பினேன். கல்லில் ஏறிவிட்டால் பிறகு அழிக்கவும் முடியாது.

சிங்காநல்லூரில் காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தால் எட்டரைக்குக் காங்கேயம். பல்லடம் வரை உட்கார இடம் கிடைக்காது. காங்கேயத்திலிருந்து தோட்டம் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோதான்.

"தியாகி தோட்டத்துக்குங்களா? பேரனுங்களா நீங்க? உங்ககிட்டக் காசு வாங்குவனுங்களா!"

"பேரனோட சகலைங்க."

"அப்ப இருநூத்தம்பதுங்க."

தோட்டத்தைச் சிவகுமாரின் அக்கா செல்வி பார்த்துக்கொள்கிறார். மோர் கொடுத்தார். தாத்தா கம்பியை அறுத்தது வரிக்காகவா, போருக்காகவா என்று கேட்டேன்.

"அதெல்லாம் பொறவு சேத்துக்கிட்டதுங்க தம்பி. படல்தானுங்க காரணம்."

இந்தப் பக்கம் மாடு மேயும் புல்வெளிக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி. நுழைய முள்ளால் கட்டிய ஒரு படல். நானும் அது வழியாகத்தான் உள்ளே வந்திருந்தேன். மேய்க்க ஆள் கிடையாது. படலை நம்பித்தான் மாட்டை விடுகிறார்கள். போர்க்காலத்தில் சர்க்கார் லாரிகள் பாறைக்குழியில் கல்லெடுக்க இதன் குறுக்கே போயிருக்கின்றன. படலைத் திறந்தவர்கள் சாத்தவில்லை.

"'போங்க, வாங்க, வேண்டாங்கல. படல மட்டும் சாத்திப்போட்டுப் போங்க தொரைங்களே'ன்னு தாத்தா மூணு தடவ சொன்னாருங்களாம். சிரிச்சாங்களாம். மாடு வெளிய போயிருச்சு. சர்க்காருக்காரங்க புடிச்சு மாட்டுப் பவுண்டுல அடைச்சுப்போட்டு, தாத்தாகிட்டயே அவராதம் கேட்டிருக்காங்க."

"இதுக்காகவா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? தொறந்து உட்டதும் அவன், புடிச்சதும் அவன், தண்டம் கேக்கறதும் அவன். கம்பிய அறுக்காம கும்பாபிஷேகமா பண்ணுவாங்க?"

எனக்குப் பரம திருப்தி. சூரியன் மறையாத பேரரசை எதிர்த்தது, கதவு சாத்தாததற்காக! இதைக் கல்லில் வெட்டினால் முதல் இலை தானாக என் பக்கம் நகர்ந்துவிடும். பந்தியை மனத்தில் பார்த்தபடியே படலைத் திறந்து, காத்திருந்த ஆட்டோவை நோக்கி நடந்தேன்.

"ஏய்! படல யாரு சாத்துவா? உங்க தொர வருவானா?"

திரும்பினேன். செல்வி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். இரண்டு மாடுகள் என்னைத் தாண்டி அடுத்தவர் சோளக்காட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அதுவரை வாய்க்கு வாய் வந்த 'ங்க' எங்கோ போய்விட்டது. கொங்கு நாட்டில் அது போனால் அடுத்து கம்பி அறுப்புத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மாடுகளை மறித்தார்.

"நல்லவேளைங்க, நீங்க பேரன் இல்ல" என்றார்.

திரும்பும் வழியில் வரி, போர், கைது என்று நான் படித்த ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றின் குறுக்கேயும் அந்த லாரி போய்க்கொண்டிருந்தது. பல்லடம் தாண்டியதும் இரண்டு வரி எழுதினேன்: "படலைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். அவர்கள் சாத்தவில்லை."

ஆகஸ்ட் பதினைந்தில் கல்லைத் திறந்தார்கள். வரிகளைப் படித்ததும் ஊரே கைதட்டியது. சால்வை சிவகுமாருக்கு. அன்று மதியமும் முதல் இலை அவருக்குத்தான். முன்பு எனக்கு அவர் ஒருவர்மேல்தான் பொறாமை, இப்போது தாத்தாமேலும். இவ்வளவு சுத்தமான காரணம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணிக்குப் பிறகு போங்கள், ஆடிக்காற்றில் புழுதி அதிகம். ஆட்டோவில் சகலை என்று சொல்லாதீர்கள். படலின் கயிற்றுச் சுருக்கு இடதுபக்கக் கல்லுக்காலில் இருக்கிறது. அதை மாட்டிவிட்டு வாருங்கள்.