மத்திகிரி வளைவில் ஒரு கும்பிடு

எங்கள் கம்பெனி வேனில் புதிதாக ஓர் அம்மையார் ஏறியிருக்கிறார். ஷிஃப்ட் கிடையாது, வார லீவு கிடையாது. முன் கண்ணாடி ஓரமாக, டிரைவரின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

கேமராவைத்தான் சொல்கிறேன். டிரைவர் கொட்டாவி விட்டால், கண்ணை மூடினால், போனைக் காதில் வைத்தால் – ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதட்டும். அதோடு விடாது. அந்தக் காட்சியைத் துண்டு வீடியோவாக வெட்டி, டிரான்ஸ்போர்ட் செக்‌ஷனுக்கும் அனுப்பிவிடும். அக்கம்பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நாம் வீடு மாற்றிவிடுவோம். வேனில் என்ன செய்வது?

முதல் நாள் அது "டோன்ட் யூஸ் ஃபோன்" என்று அதட்டியபோது, பதறிப்போய் என் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு "சாரி மேடம்" என்றவன் நான். பின் சீட்டுப் பெண்கள் ஓசூர் வரும்வரை சிரித்தார்கள். என்ன செய்ய... பெண் குரல் அதட்டினால் முதலில் மன்னிப்பு, பிறகுதான் விசாரணை என்பது என் வீட்டுப் பழக்கம்.

ஆனால் அது அதட்டியது என்னையல்ல. மாதப்பனை.

மாதப்பன் எங்கள் வேன் டிரைவர். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். விடியும் முன்பே அங்கிருந்து அசெம்பிளி லைன் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார். தேன்கனிக்கோட்டையில் நான் ஏறி, அவருக்கு இடப்பக்கம் இருக்கும் ஒற்றை சீட்டில் உட்காருவேன். பர்ச்சேஸ் செக்‌ஷன் ஆபீசர் என்ற ஒரே தகுதிக்காக எனக்கு ஒதுக்கப்பட்ட சிம்மாசனம் அது.

வண்டி ஓட்டும்போது மாதப்பன் போனைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஸ்விட்ச் ஆஃப் செய்து சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிடுவார். அப்படியும் தினமும் ஒரே இடத்தில் அதட்டல் விழுந்தது.

மத்திகிரிக்கு முன்னால் ஒரு வளைவு வரும். ஓரமாக ஒரு சின்ன முனியப்பன் கோயில். அந்த இடத்தில் மாதப்பன் வேகத்தைக் குறைப்பார். இடது கை ஸ்டீயரிங்கில் இருக்கும். வலது கை மட்டும் எழுந்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்ளும். நம் ஊர் டிரைவர்களில் இதைச் செய்யாதவர் யார்?

கை கன்னத்துக்குப் போகிறதா? அப்படியானால் போன். கேமராவுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதைச் செய்த ஊரில் முனியப்பன் இல்லை போலிருக்கிறது.

"மாதண்ணா, முனியப்பன் போன் எடுத்தாரா?" என்பாள் பின் சீட்டு சரசா.

"பிஸின்னு வருது தாயி. நீ வேணா ட்ரை பண்ணு."

இப்படிச் சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் போன மாதம் டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன் அவரைக் கூப்பிட்டு எச்சரித்தது. இன்னொரு முறை அலாரம் வந்தால் வேனை விட்டு இறக்கிவிடுவார்களாம். யார்டில் சரக்கு ஏற்றும் கூலி வேலைதான் மிச்சம்.

"நான் பேசறேன்" என்றேன். நட்டு, போல்ட் விலையில் பைசா பைசாவாக வெட்டுகிறவன் ஆயிற்றே, ஒரு மனிதனுக்காகப் பேச முடியாதா?

டிரான்ஸ்போர்ட் ஆபீசர் நல்ல மனிதர். டீ சொன்னார். வீடியோவைக் காட்டினார். நான் சாவகாசமாக விளக்கினேன்.

"சார், அது போன் இல்ல. கும்பிடறாரு."

"கும்பிடறாரா?" அவர் வீடியோவை மறுபடி ஓட்டினார். "வளைவுலயா?"

"கோயில் அங்கதான சார் இருக்கு."

"கும்பிட்டா கண்ணை மூடுவாங்களே சார்?"

இந்த இடத்தில் விவரமுள்ளவன் வாயை மூடியிருப்பான். நான் சொன்னேன்: "முழுசா மூட மாட்டாரு சார்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பின்னாடி அத்தனை பொண்ணுங்க உக்காந்திருக்காங்க. போன்னாகூட கண்ணு ரோட்டு மேல இருக்கும். இது அதைவிட மோசமில்லையா? நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இனிமே அந்த வளைவு வீடியோவை நானே தனியாப் பாக்கறேன்."

உதவி என்பது இதுதான். ஒரு சந்தேகத்தோடு உள்ளே போனேன். இரண்டாக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை, பெண்களெல்லாம் இறங்கிய பிறகு மாதப்பனிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

"பேசாம கும்பிடறதை விட்டுடுங்க மாதப்பன். முனியப்பன் கோவிச்சுக்க மாட்டார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணியால் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் முனியப்பனைக் கும்பிடல சார்."

பிறகு சொன்னார். அந்த வளைவில்தான் அவருடைய தம்பி போனான். நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பியவனை எதிரில் வந்த லாரி அடித்துவிட்டது. லாரி டிரைவர் போன் பேசிக்கொண்டு வந்தானாம்.

அந்தச் சமயத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தக் கேமராவைத் தூக்கி எறியணும்" என்றேன்.

"எதுக்கு சார் எறியணும்? அன்னிக்கு அந்த லாரில இது ஒண்ணு இருந்திருந்தா, என் தம்பி இருந்திருப்பான்."

துணியை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தார்.

"என் வேலை போனா போகட்டும்னு சொல்ல முடியாது சார். வீட்ல என் புள்ளைங்க ரெண்டு, அவன் புள்ளை ஒண்ணு. ஆனா தினம் அந்த எடத்தைத் தாண்டறப்ப ஒண்ணும் பண்ணாம போறது... யாரோ மாதிரி போறது... முடியல." கொஞ்சம் தயங்கினார். "கேமரா உங்க பக்கம் பாக்காதில்ல சார்? எனக்குப் பதிலா நீங்க கும்பிட்டுடறீங்களா?"

"அது என் வேலை, விடுங்க" என்றேன்.

கோயிலுக்குள் போனாலும் செருப்பைப் பற்றியே யோசிக்கிற ஆள் நான். ஆனாலும் செய்தேன். வளைவு வரும். மாதப்பனின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். கண் ரோட்டை விட்டு நகராது. நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். முகம் தெரியாத அந்தத் தம்பிக்காக. அலாரம் அடிக்காது. ஓரக்கண்ணால்கூட அவர் என்னைப் பார்க்க மாட்டார். வளைவு தாண்டியதும் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்கும். சரசாவும் இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை.

நேற்று முன்தினம் காலை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் லாரி பற்றி ஒரு பெரிய சண்டை. என் பங்குக்குக் காட்டமாக ஒரு பதில் டைப் செய்து, எழுத்துப் பிழை திருத்தி, அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

வளைவு தாண்டி, மத்திகிரி மார்க்கெட் வந்திருந்தது.

"கும்பிட்டீங்களா சார்?" ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார் மாதப்பன்.

"ஆச்சு மாதப்பன்" என்றேன்.

"நல்லாருங்க சார்."

போன் என் மடியில்தான் கிடந்தது. வேனில் எந்த அலாரமும் அடிக்கவில்லை... கேமராவின் கண் வேலை செய்கிறவர் பக்கம் மட்டும்தான் திரும்பியிருக்கிறது.