மேனேஜர் பொட்டு வைத்த டயாலிசிஸ் இயந்திரம்

மலேசியாவில், தம்போய் என்னும் ஊரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதியருக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒருமுறை வெளிநாட்டுத் தாதியரும் வந்தார்கள். செலவு ஒரு பணக்கார ஐரோப்பிய நாட்டுடையது, இடமும் ஆளும் எங்களுடையது, கற்க வருபவர்கள் ஏழை நாட்டுக்காரர்கள். இதற்கு முத்தரப்பு ஒத்துழைப்பு என்று பெயர் சொன்னார்கள். யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று எனக்கு அப்போதே கொஞ்சம் குழப்பம்தான்.

வந்தவர்களில் ஒருத்தி இலங்கை மலையகத்துப் பெண். அவளுடைய முன்னோரும் என் முன்னோரைப் போலத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள்தாம். கப்பல் மட்டும் வேறு. இன்று நான் கொடுக்கும் பக்கம், அவள் வாங்கும் பக்கம். வந்த கொஞ்ச நாளிலேயே என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொல்லித்தர்ற மெஷின் எங்க ஆஸ்பத்திரியில இல்ல. வேற நாட்டுக்காரங்க குடுத்த பழைய மாடல்தான் இருக்கு. ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லாம துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. எங்கம்மா டயாலிசிஸுக்கு மலையிறங்கி கண்டிக்குப் போய் வர்றாங்க. திரும்பி வரும்போது பஸ்ல உக்காரக்கூட முடியாது அவங்களால."

கைப்பேசியில் படம் காட்டினாள். அதே மாடல் எங்கள் ஸ்டோரில் நின்றது. புதியது வாங்கியதும் பழையதை ஓர் ஆப்பிரிக்க நாட்டு மருத்துவமனைக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தோம். அனுப்பிவைப்பதும் அதே பணக்கார நாடுதான். அனுப்பும்வரை அதில் அவளுக்குப் பயிற்சி தரலாமா என்று கேட்க மேனேஜரிடம் ஓடினேன்.

"முடியாது லா. சைன் பண்ணியாச்சு, இனி அது அவங்க பொருள். நாம தொடக்கூடாது," என்றார்.

எங்கள் ஸ்டோரில் இருக்கிறது, ஆனால் எங்களுடையது இல்லை. கற்றுக்கொள்ளத்தான் அவளை வரவழைத்தோம், ஆனால் அவளுக்கு வேண்டியதைக் கற்றுத்தரக் கூடாது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கோபம் கோபமாக வந்தது.

இடையில் ஆயுத பூசை வந்தது. இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தொடக்கூடாது என்ற அதே மேனேஜர், "கடல் தாண்டிப் போவுது, பத்திரமா போவட்டும்," என்று ஸ்டோருக்குள் போய் அதற்கும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்துவிட்டு வந்தார்.

அனுப்புமுன் சோதிக்க வந்த வெள்ளைக்காரர் காய்ந்த சிவப்பைப் பார்த்ததும் பின்வாங்கினார். ரத்தம் என்று நினைத்துவிட்டார். "அலமாக்!" என்று தலையில் கைவைத்த மேனேஜர், அது சாமிக் குங்குமம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார், ஈரத்துணியால் துடைத்தும் காட்டினார். எடுபடவில்லை. ஏழை நாடு என்பதற்காகக் கறைபட்ட கருவியை அனுப்ப முடியாது என்று எழுதிவிட்டுப் போனார் அவர். அதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வேண்டாம் என்று தள்ளிய பொருள் மறுபடி எங்களுடையதானது. மறுநாளே அவளை ஸ்டோருக்கு அழைத்துப் போனேன். பயிற்சி முடியும்வரை அந்த இயந்திரத்தை அவள் விடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஊர் திரும்பியவள் ஒரு படம் அனுப்பினாள். துணி விலக்கிய இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா சிரித்தபடி படுத்திருந்தார். கூடவே ஒரு குரல் செய்தி.

"அக்கா, அம்மா இப்ப எங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே வர்றாங்க. ஒண்ணு கேக்கவா? அந்த ஆப்பிரிக்கா ஆஸ்பத்திரிக்கு அப்புறம் என்ன அனுப்புனீங்க? அங்கயும் யாராச்சும் ஒரு அம்மா காத்திருப்பாங்கல்ல?"

அதை மேனேஜரிடம் போட்டுக் காட்டினேன்.

"வேற யாராச்சும் அனுப்பியிருப்பாங்க லா," என்றார்.

யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.