நேற்று ஆரம்பித்த சங்கம்

அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, எந்தெந்தச் சங்கம் சர்க்காரை எப்படி அணுகிக் காரியம் சாதித்துக்கொண்டது என்று விசாரித்து எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அனுப்பியவர் சென்னையில் என் பேராசிரியர். அச்சடித்த கேள்வித்தாளோடு ஒரு கண்டிப்பும் கொடுத்திருந்தார்: கேட்பதோடு சரி, யோசனை சொல்லக் கூடாது.

திருவண்ணாமலையில் யாரும் பதில் சொல்லவில்லை. என்னிடமே மனுப் போட்டார்கள். கேட்டு எழுதிக்கொள்கிறவள் சர்க்கார் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஓட்டல்காரர் சங்கத்தில் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "எங்க கோட்டா ரொம்பக் கம்மிங்க, மேல சொல்லுங்க" என்றார்கள். உள்ளே மாவு அரைபடும் சத்தம் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் தேரடிப் பக்கம் இட்லி சுட்டு விற்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கோட்டா அரிசி ஓட்டல்களுக்கே போனது. வெளியில் வாங்கினால் கட்டுப்படியாகாது. முன்னால் நின்றவளுக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். அடுப்பு மூட்டியே ஒரு வாரமாகிறது என்றாள்.

"எங்களையும் கேளுங்கம்மா."

"உங்க சங்கம் எப்ப ஆரம்பிச்சது?"

"நேத்து சாயங்காலங்க. நீங்க சங்கத்தைத்தான் கேப்பீங்கன்னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசி கொடுக்கிறவள் நானில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நகரவில்லை. சரியென்று தாளைப் படித்தேன். முதலில் எந்த அதிகாரியைப் பார்த்தீர்கள், தாசில்தாரையா, கலெக்டரையா? தனியாகவா, கூட்டமாகவா? மனு கொடுத்தபின் மறுபடி போய்க் கேட்டீர்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே எழுதினேன்.

"இன்னொரு வாட்டி படிங்கம்மா, மெதுவா."

படித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வந்து, மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா? முதல்ல தாசில்தாராம். தனியா போகக்கூடாதாம். குடுத்துட்டு சும்மா இருக்காம, மறுபடி மறுபடி போய் நிக்கணுமாம்."

நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. அவள் புரிந்துகொண்டதைத் திருத்தவும் மனம் வரவில்லை.

அன்று முதல் தாலுகா ஆபீஸ் வாசலில் தினமும் அந்தக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு மந்தாரை இலைப் பொட்டலத்தோடு ஓடி வந்தாள். "கம்மியாத்தான் குடுத்தாங்க. ஆனா அடுப்பு எரியுதுங்க."

சென்னையில் பேராசிரியர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாமே 'இல்லை'. இது எதற்கு உதவும்?" என்று ஒதுக்கிவைத்தார். வழியெல்லாம் அவள் இட்லியைத் தின்றுவிட்டு வந்திருந்த நான், அந்தத் தாளை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.